மூன்றாம் அடுக்கு

ஷார்ஜாவிலிருந்து அஸார் திரும்பி வந்த புதிதில் மகள் அனீஸா அவனிடம் நேரே பேச மாட்டாள். பேச வேண்டுமென்றால் அடுத்த அறைக்குப் போய், அம்மாவின் போனை எடுத்து, அவனுக்கு வீடியோ கால் போடுவாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அஸார் தன் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பான். நடுவில் ஒரு சுவர். திரையில் மகள் சிரிப்பாள், பல் விழுந்த இடத்தைக் காட்டுவாள், டீச்சரைப் பற்றிக் கோள் சொல்வாள்.

"அங்க மணி என்ன அத்தா?" என்று கேட்பாள்.

அவன் ஷார்ஜாவில் இருந்த காலத்தில் எந்தப் பேச்சும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அப்போது ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துச் சொல்வான். இப்போது, "ஒனக்கு என்ன மணியோ அதே மணிதான்மா" என்பான். பேசி முடித்ததும் அவள் வெளியே வந்து, அவனைக் கடந்து, தலை நிமிராமல் கொல்லைக்கு ஓடிவிடுவாள்.

"போன்ல இருக்கிற அத்தாவத்தான் அவளுக்குத் தெரியும். நேர்ல நீங்க யாரோ," என்றாள் அவன் மனைவி பர்வின். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அனீஸா பென்சிலோடு அவன் முன்னால் வந்து நின்றாள். சீவித் தரச் சொன்னாள். அஸார் சீவினான். முனை உடையாமல், நிதானமாகச் சீவினான். அன்றே பர்வினிடம் சொன்னான், இனிமேல் போவதில்லை என்று.

"சோத்துக்கு?"

"இங்க இரும்பே இல்லையா? டிராக்டர் இருக்கு, கேட்டு இருக்கு, அறுப்பு மிஷின் இருக்கு. எல்லாம் உடையும்."

"உடைஞ்சா ஒங்கள்ட்ட கொண்டாரணுமே."

அவன் தரையில் கிடந்த பென்சில் சீவலைக் கூட்டி எடுத்தான்.

"தை அறுப்பு வரைக்கும் பாப்போம்," என்றாள் அவள். "ஊரு ஒங்கள நம்பிடுச்சுன்னா இருங்க. இல்லன்னா ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்க. நான் அழ மாட்டேன்."

அப்படி ஒரு கெடு விழுந்தது.

*

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு விலகிய ஊர். வெல்டிங்குக்கு கேஸ் சிலிண்டர் வேண்டுமென்றால் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும். வந்தாலும் வயல்வெளியில் பயனில்லை. உருகும் இரும்பின் மேல் நிற்க வேண்டிய கேஸைக் காற்று ஊதிக்கொண்டு போய்விடும். அதனால் கேஸ் கேட்காத கம்பிதான் சரி என்று முடிவு செய்தான். குழல் போன்ற மெல்லிய கம்பி, வயிற்றுக்குள் மருந்து. கம்பி உருகும்போது மருந்து புகையும். அந்தப் புகையே இரும்புக்குக் காவல். வீட்டுக் கரண்டில் ஓடும் சின்ன மிஷின் ஒன்று வாங்கினான். யோசித்துத்தான் வாங்கினான்.

கம்பிக்குத் தஞ்சாவூர் போனான். கீழவாசல் பக்கம் கடை. கடைக்காரர் குணசேகரன் மேசைமேல் இரண்டு சுருள்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டுக்கும் கேஸ் வேணாங்க. இது சாஃப்டா ஓடும். வோல்டேஜ் கம்மியா இருந்தாலும் கோச்சுக்காது. அது கொஞ்சம் முரடு. எதுக்குங்க, கேட்டு கிரில்லுக்கா?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"ஷார்ஜாவுல கப்பல் ஒட்டிட்டு வந்திருக்கேங்க."

"அப்ப நான் என்ன சொல்றது. நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

அஸார் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பினான். இரண்டிலும் எழுபத்தொன்று டி என்று போட்டிருந்தது. ஷார்ஜாவின் கப்பல் யார்டில் அவன் ஓட்டியதும் எழுபத்தொன்று டி. அந்த எண்ணைப் பார்த்ததும் வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் இதில் இரண்டு எழுத்து, அதில் இரண்டு எண். கம்பெனிக் குறியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

யார்டில் அவன் ஒருநாளும் கம்பியைத் தேர்ந்தெடுத்ததில்லை. ஸ்டோரில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் அட்டையை நீட்டினால் சுருள் வெளியே வரும். எந்த வேலைக்கு எந்தக் கம்பி என்று தீர்மானிக்க மேலே ஆட்கள் இருந்தார்கள். வெல்டர் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். அவன் ஒட்டியதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. கை அவனுடையது. தேர்வு வேறு யாருடையதோ.

மென்மையாக ஓடும் கம்பியை எடுத்துக்கொண்டான். ஊரில் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சோதித்தான். கேஸ் கம்பிக்கும் இதற்கும் மிஷினில் பிளஸ், மைனஸ் இடம் மாறும். மறக்காமல் மாற்றினான். இரண்டு பட்டைகளைச் சேர்த்து ஓர் ஓட்டு ஓட்டி, வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்தான். பட்டை மடங்கியது, ஒட்டு விடவில்லை. ஈரக்காற்று பட்டால் கம்பி கெட்டுவிடும் என்று அரிசி டிரம்மைக் காலி செய்து, சுருளை அதற்குள் வைத்து மூடினான்.

"அரிசிய வெளிய வச்சுட்டு இரும்ப உள்ள வக்கிற வீடு நம்ம வீடுதான்," என்றாள் பர்வின்.

முதலில் வந்தவள் தங்கம்மாள். அவன் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவள். புருஷன் இல்லை. குரல் மட்டும் மூன்று பேருக்கு உண்டு. முதலில் மண்வெட்டியைக் கொண்டுவந்தாள். அதன் ஒட்டு தாங்கியதும் வாசல் கேட்டைக் காட்டினாள். ஒட்டி முடித்த கேட்டை ஆட்டிப் பார்த்தாள், அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"பரவால்ல தம்பி. எம் மாமியா தொங்குனாலும் தாங்கும்போல."

அவள்தான் ஊரெல்லாம் சொன்னாள், பாய் கப்பல் ஒட்டினவர் என்று. பிறகு சைக்கிள் ஸ்டாண்டு வந்தது, மோட்டார் கொட்டகைக் கதவு வந்தது, கல்யாண மண்டபத்து நாற்காலிகள் வந்தன. எல்லாம் மெல்லிய இரும்பு. எல்லாம் ஒரே ஓட்டில் முடிந்தன. எதுவும் திரும்பி வரவில்லை.

*

மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் பயிர் பாதி சாய்ந்துவிட்டது. தை பிறந்து வெயில் அடித்தது. கடலில் மறுபடி ஏதோ கிளம்பியிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அறுப்பு மிஷின் கேட்டார்கள். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பரணிதரனின் மிஷின் ஒன்றுதான் அந்தப் பக்கத்து ஈர வயலில் இறங்கும். தங்கம்மாள் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து முறை வாங்கினாள்.

அவள் முறை வந்த அன்று காலை, மிஷின் வயலில் இறங்கி ஒரு சுற்றுப் போனதும் நின்றது. முன்னால் கதிரை அறுக்கும் பகுதியைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கை பிளந்திருந்தது. விரற்கடை கனத் தகடு.

பரணிதரன் வயலில் இறங்கிப் பார்த்தான். "கழட்டி மன்னார்குடிப் பட்டறைக்குக் கொண்டுபோறேன். நாளைக்கு மத்தியானம் மாட்டிடலாம்."

"நாளைக்கு மத்தியானமா?" தங்கம்மாள் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே, கடல் பக்கம், கறுத்திருந்தது. "நாளைக்கு மத்தியானம் நான் நீச்சலடிச்சுல்ல அறுக்கணும். கொல்லையில கப்பல் ஒட்டுற ஆள வச்சுக்கிட்டு எதுக்கு மன்னார்குடி போற?"

"கேட்டு ஒட்டுறதும் இதும் ஒண்ணாக்கா?"

"கப்பலு ஒம் மிஷின விடச் சின்னதா?"

மிஷின் டிரைவர் சிரித்துவிட்டான். பரணிதரன் சிரிக்கவில்லை. மிஷின் நின்றதைக் கண்டு வரப்புக்கு வந்திருந்த அஸாரைப் பார்த்தான்.

"என்ன பாய், முடியுமா?"

வேலியோரம் பர்வின் நின்றிருந்தாள், தோளில் துவைத்த துணியோடு. பக்கத்தில் அனீஸா. அஸார் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவர்கள் நிற்பது தெரிந்தது.

"முடியும்," என்றான்.

கவனமாகத்தான் செய்தான். அதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தான், ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. மிஷினை வரப்பில் ஏற்றி, வீட்டிலிருந்து வயர் இழுத்தான். கிரைண்டரால் தேய்த்துப் பிளவை அடிவரை திறந்தான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான். டிரம்மிலிருந்து சுருளை எடுத்து மாட்டினான். கனத் தகட்டை ஒரே ஓட்டில் நிரப்பக் கூடாது; அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கப்பலில் அப்படித்தான். முதல் அடுக்குப் போட்டு, மேலே படிந்த கசடைக் கொத்தினான், பிரஷ் போட்டான். இரண்டாம் அடுக்கு. மறுபடி கொத்தினான். மூன்றாம் அடுக்கு மீன் செதில் போல வரிசையாக விழுந்தது. முகமூடியைத் தூக்கினான்.

பரணிதரன் குனிந்து பார்த்தான். விரலை வைக்கப் போய், சூட்டில் இழுத்துக்கொண்டான்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கு பாய்."

"நாங்க சொன்னோம்ல," என்றாள் தங்கம்மாள், ஊரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் அனீஸா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது கேட்டது: "எங்க அத்தாதான் ஒட்டுனாங்க."

மிஷின் மறுபடி வயலில் இறங்கியது. சாய்ந்த பயிரை அறுக்க முன்பகுதியைத் தரையோடு தாழ்த்த வேண்டும், அள்ளித் தூக்க வேண்டும், மறுபடி தாழ்த்த வேண்டும். ஒரு சுற்றுப் போனது. நெல் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. தங்கம்மாள் சாக்கு எடுத்துவரத் திரும்பினாள்.

இரும்பு பிய்வதற்கு முன்னால் முனகும். இது முனகவில்லை. கல்தரையில் கண்ணாடி விழுந்தது போல ஒரே சத்தம். முன்பகுதி ஒரு பக்கமாகச் சேற்றில் விழுந்தது. மிஷின் நிற்பதற்குள் பெல்ட் அதன்மேல் ஏறி அதை நெளித்துவிட்டது.

அஸார் ஓடினான். கால் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. உடைந்த இடத்தைக் கையால் துடைத்துப் பார்த்தான். தகடு அப்படியே இருந்தது. ஒட்டின் நடுவிலேயே, மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே கற்கண்டை உடைத்த மாதிரி மின்னியது. அப்படி ஓர் உடைப்பை அவன் தன் வேலையில் பார்த்ததில்லை.

"இனிமே மன்னார்குடியிலயும் ஆகாது," என்றான் பரணிதரன், நெளிந்த முன்பகுதியைப் பார்த்தபடி. பிறகு அஸாரிடம் மெதுவாகச் சொன்னான். "கையெழுத்து அழகா இருந்தா மட்டும் செக்கு பணமாயிடுமா பாய்?"

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

*

கிளமென்ட் ஷார்ஜாவில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். வேளாங்கண்ணிப் பக்கத்து ஆள். இன்னும் அதே யார்டில்தான் இருக்கிறான். அஸார் உடைந்த இரும்பையும் சுருளின் சீட்டையும் படம் எடுத்து, நடந்ததையும் சொல்லி அவனுக்கு அனுப்பினான். கிளமென்ட் உடனே கூப்பிட்டான்.

"எத்தன பாஸ் போட்ட?"

"மூணு அடுக்கு."

யார்டின் இரைச்சலுக்கு நடுவே கிளமென்ட் சீட்டில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தான்.

"இரு. இங்க இன்ஸ்பெக்டர்ட்ட காட்டிட்டு வர்றேன்."

திரும்பி வந்தபோது கிளமென்ட்டின் குரல் இறங்கியிருந்தது.

"டேய் அஸாரு, அது ஒரே பாஸ் கம்பிடா. கடைசி ரெண்டு எழுத்து இருக்குல்ல, அதுக்கு அதான் அர்த்தமாம். மெல்லிசுத் தகட்டுக்கு ஒரு ஓட்டு, அதோட சரி. அப்ப கம்பி அடியில இருக்கிற இரும்போட கலந்து பதமா நிக்கும். மேல மேல போட்டா கம்பியோட கம்பிதான சேருது. மருந்து ஏறி ஏறி இரும்பு நொறுங்கலாப் போயிடுமாம்."

"கடையில இன்னொரு சுருள் இருந்துச்சு."

"அடுக்கடுக்காப் போடுறதுக்கு அதான். அத எடுத்திருக்கணும்."

"அதயும் கையில வச்சுப் பாத்தேன்."

"விடு. எனக்கும் இப்பத்தான்டா தெரியும். நமக்கு எவன் சொன்னான்? ஜன்னல்ல நீட்டுவான், வாங்கிட்டு வருவோம்."

"நான் நல்லா ஒட்டுனேன் கிளமென்ட்டு."

"தெரியும்டா. ஒட்டத் தெரியாதவனா இருந்தா அந்த மிஷின்காரன் பேசாம மன்னார்குடிக்குப் போயிருப்பான்."

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. தங்கம்மாளின் வயலில் மிஷின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றிப் பயிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. பரணிதரன் வேறு ஊரிலிருந்து மிஷின் வரவழைக்கப் பார்த்தான். எந்த மிஷினும் அந்தத் தண்ணீரில் இறங்க ஒப்பவில்லை. ஆள் வைத்து அறுக்க ஆளும் இல்லை.

வெயில் வந்த அன்று அஸார் வரப்பில் போய் ஒரு கதிரைப் பிடுங்கினான். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. கதிரிலேயே முளைத்த நெல்லை யாரும் வாங்க மாட்டார்கள். அவித்தாலும் சோறாகாது. வைக்கோலும் கறுத்துப் போயிருந்தது. மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

தங்கம்மாள் எதிர் வரப்பில் நின்றிருந்தாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"நீ என்ன பண்ணுவ தம்பி. இரும்புன்னா உடையாதா."

"இல்லக்கா. தப்பு என்னுதுதான். கம்பி மாத்தி எடுத்துட்டேன். அது ஒரே..."

"அட, விடுப்பா. மழை பெய்யாம இருந்தா இதெல்லாம் யாரு கேக்கப் போறா."

அவள் குரலில் ஒரு ஆள்தான் இருந்தாள்.

*

அஸார் மறுபடி தஞ்சாவூர் போய் முரட்டுக் கம்பியை வாங்கிவந்தான். கொல்லையில் உட்கார்ந்து, அதே கனத்தில் இரண்டு தகடுகளைச் சேர்த்து மூன்று அடுக்குப் போட்டான். வைஸில் பிடித்து அடித்தான். தகடு மடங்கியது, ஒட்டு விடவில்லை. மறுபக்கம் திருப்பி அடித்தான். விடவில்லை. கை ஓயும்வரை அடித்தான். அடுப்படியில் பர்வினுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

யாரும் வேலை கொண்டுவரவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், நிவாரணம் பற்றிப் பேசினார்கள், அவன் தொழுகைக்குப் போகும்போது சலாம் சொன்னார்கள். இரும்பைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மிஷினை ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் பள்ளம் இருந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

மாசியில் ஒருநாள் காலை தங்கம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவன் ஒட்டிய கேட். இன்னும் கிரீச் என்ற சத்தமில்லாமல் சுழன்றது. தலையில் ஏதோ கனம். சாக்கால் சுற்றிக் கயிறு போட்டிருந்தாள். அவன் வாசலைக் கடக்கும்போது சிரித்தாள்.

"எங்கக்கா?"

"சும்மா, மன்னார்குடி வரைக்கும்."

சாக்கின் ஒரு மூலை விலகியிருந்தது. உள்ளே இறைவை மோட்டாரை உட்கார வைக்கும் இரும்புத் தாங்கி. ஒரு கால் விட்டிருந்தது. மெல்லிய இரும்பு. ஓர் ஓட்டு வேலை, ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். நின்றாள். ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சாக்கை இழுத்து மூடினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி."

அவள் திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் இருந்தது. எந்தக் கம்பி, எத்தனை அடுக்கு, எது எதனோடு கலக்கும் என்று எல்லாம் இப்போது தெரியும். அவள் திட்டவில்லை. அவன் கண்ணில் படக்கூடாதென்று சாக்குத் தேடி, கயிறு தேடி, சுற்றிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். கூடத்தில் உட்கார்ந்தே பேசினான்.

"ஆமாங்க, வெல்டர்தான். எந்த யார்டா இருந்தாலும் சரிங்க." கொஞ்சம் நிறுத்தினான். "கம்பி அவங்களே குடுத்துடுவாங்கல்ல?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. பர்வின் கை துடைத்துக்கொண்டு வந்து அரிசி டிரம்மைத் திறந்தாள். இரண்டு சுருள்களையும் எடுத்துச் சுவரோரம் வைத்தாள். டிரம்மை உள்ளே துடைத்து, மூட்டையிலிருந்து அரிசியைக் கொட்டி மூடினாள். சொன்னபடி அழவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு அனீஸா வந்தாள். அடுப்படிக்குப் போனாள். அம்மாவிடம் என்னவோ கேட்டாள். அம்மா என்னவோ சொன்னாள். புத்தகப் பையை இறக்காமல், கூடத்தில் உட்கார்ந்திருந்தவனைக் கடந்து, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் போன் அடித்தது.

எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் மகள். பல் விழுந்த இடத்தில் புதுப் பல் பாதி வந்திருந்தது. இத்தனை நாள் அவளை நேரே பார்த்துக்கொண்டிருந்தும் அவன் அதைக் கவனித்திருக்கவில்லை.

"சாப்ட்டீங்களா அத்தா?"

"சாப்ட்டேம்மா."

"அங்க மணி என்ன?"

சுவருக்கு அப்பாலிருந்து குரல் முதலில் வந்தது. போனிலிருந்து ஒரு கணம் தள்ளி வந்தது. அஸார் தலைக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துச் சொன்னான்.